விங் லோடிங் 1.0 எல்லா அளவுக்கும் பொதுவான காப்பு அல்ல

120 சதுர அடிக் கேனப்பி (பாராசூட்டின் விரியும் துணிப்பகுதி) வாங்க எண்ணியிருக்கும், பாராசூட் குதிப்புக்குப் புதிய நண்பர் ஒருவருக்கு, "விங் லோடிங் 1.0-ஐத் தாண்டாத வரை எந்த அளவு கேனப்பியும் புதியவருக்குப் பாதுகாப்பானதே" என்று பதில் எழுதப்பட்டிருப்பது தவறு, எடை குறைந்தவர்களை அது நேரடியாக ஆபத்தில் தள்ளும்.

உடல் எடையோடு உடை, கருவிகளின் எடையையும் பவுண்டில் கூட்டி, கேனப்பியின் சதுர அடிப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பதே விங் லோடிங். (பலர் உடல் எடையை மட்டும் கணக்கிடுவது இன்னொரு பிழை.) மொத்தம் 200 பவுண்டு எடையுடன் 200 சதுர அடிக் கேனப்பியில் இறங்குபவருக்கும், 120 பவுண்டுடன் 120 சதுர அடிக் கேனப்பியில் இறங்குபவருக்கும் இந்த எண் 1.0 தான். ஆனால் வடிவமைப்பு ஒன்றாகவே இருந்தாலும், சிறிய கேனப்பியின் கயிறுகள் ஏறத்தாழ 22 விழுக்காடு குட்டையாக இருக்கும் என்பதால், டாகிளை (திருப்புவதற்கான கைப்பிடியை) அதே அளவு இழுத்தாலும் அது விரைவாகத் திரும்பி, மூக்கைக் கீழே சாய்த்து, உயரத்தைச் சட்டென்று இழக்கும். தரைக்கு அருகில், ஒரு தடையைக் கண்டு பதறித் திருப்பும் புதியவருக்கு அந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கையேடும் ஒரே எல்லையை வகுக்கவில்லை. 230 சதுர அடிக்கு மேல் 1.1, 190 முதல் 229 வரை 1.0, 150 முதல் 189 வரை 0.9 ஆகியவற்றைத் தாண்டினால் உயர்செயல்திறன் கேனப்பி (புதியவர்களுக்கு ஏற்றதல்லாத, விரைவாக இயங்கும் வகை) என்றும், 150-க்குக் கீழே எந்த விங் லோடிங்கிலும் அப்படியே கருத வேண்டும் என்றும் அது கூறுகிறது.

ஆகவே 120 சதுர அடிக் கேனப்பியை வாங்க எண்ணியிருக்கும் அந்த நண்பர், பணம் கொடுப்பதற்கு முன் தம்மை நேரில் பார்த்த பயிற்றுநரிடம் இந்த எண்களைக் காட்டிப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.