‘தோட்டத்து உடம்பு’ மலேரியாவைத் தாங்காது

சுங்கை சிப்புட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் டிங்கியைத்தான் நினைக்கிறோம். அதில் தப்பே இல்லை. ஆனால் டிங்கி இல்லை என்று சோதனையில் வந்ததும் வீட்டில் எல்லாருக்கும் மனசு ஆறிவிடுகிறது பாருங்கள், எனக்குப் பயமே அந்த இடத்தில்தான்.

எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர். அறுபதை நெருங்குகிறார். சின்ன வயதில் பால் வெட்டியவர், பிறகு செம்பனைக்குப் போனவர், இப்போது காட்டோரமாக ஒரு டுரியான் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். பழம் விழும் பருவத்தில் இரவெல்லாம் பொண்டோக் குடிசையில்தான் படுக்கை. துணைக்கு அக்காள் மகனும் உண்டு, இருபத்துச் சொச்சம் வயதுப் பையன். போன பருவத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. பையனுக்கு அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்து மலேரியா என்று சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்டான், தேறிவிட்டான். அண்ணனோ முதலில் ஒரு கிளினிக்குக்குப் போனார். டிங்கி இல்லை என்று பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். “இது தோட்டத்து உடம்பு, இதுக்கெல்லாம் அசையாது” என்று வீட்டிலேயே கிடந்தார். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுநீரகம் படுத்துவிட்டது. டயாலிசிஸ் செய்துதான் மீட்டார்கள்.

ஒரே பொண்டோக், ஒரே கொசு, ஒரே நோய். ஒருவன் மாத்திரையோடு எழுந்துவிட்டான், இன்னொருவர் சாவின் வாசல் வரை போய்விட்டு வந்தார். “அவரவர் தலையெழுத்து” என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ரத்தப் படலம் பார்க்கும் வேலையில், அதாவது கண்ணாடியில் தேய்த்த ரத்தத்தில் நுண்ணோக்கி வைத்து ஒட்டுண்ணி தேடும் வேலையில், நெடுங்காலம் இருந்தவன் நான். என்னால் அதை ஏற்க முடியவில்லை. மலேரியா யாரை எவ்வளவு அடிக்கும் என்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் பாதி நம் கையில் இருக்கிறது.

இவர்களுக்கு வந்தது குரங்கு மலேரியா. பிளாஸ்மோடியம் நோலேசி என்ற ஒட்டுண்ணி. நீண்ட வால் குரங்கிலும், தேங்காய் பறிக்கப் பழக்குகிறார்களே, அந்த பெரோக் குரங்கிலும் அது குடியிருக்கும். காட்டோரத்து அனோபிலிஸ் கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் மலேரியா 2018 முதல் நம் மலேசியாவில் உள்ளூரில் பரவவில்லை. பெருமைப்பட வேண்டிய சாதனை அது. ஆனால் குரங்கு மலேரியா இன்னும் இருக்கிறது. சபா, சரவாக்கில்தான் அதிகம் என்றாலும், தீபகற்பத்தில் காட்டை ஒட்டிய ஊர்களும் தப்பவில்லை. உயிரையும் எடுக்கிறது.

இந்த ஒட்டுண்ணியின் வேகம்தான் முதல் காரணம். மற்ற மலேரியா வகைகளான ஃபால்சிபாரமும் வைவாக்ஸும் சிவப்பணுவுக்குள் ஒரு சுற்றுப் பெருக 48 மணி நேரம் எடுக்கும். மலேரியே என்ற வகைக்கு 72 மணி நேரம். நோலேசிக்கு 24 மணி நேரமே போதும். ஒரு அணுவை உடைத்து வெளியே வரும்போது 16 குஞ்சுகள் வரை வரும். அப்படியென்றால் “நாளைக்குப் பார்க்கலாம்” என்று நாம் தள்ளும் ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு முழுச் சுற்று. ரத்தத்தில் எத்தனை ஒட்டுண்ணி இருக்கிறது என்ற கணக்குதான் இந்த நோயில் ஆபத்தின் அளவுகோல். ஒரு மைக்ரோலிட்டரில் 15,000-ஐத் தாண்டினாலே நிலைமை மோசமாகும் வாய்ப்பு ஏறுகிறது என்று சபாவில் நடந்த ஆய்வுகள் காட்டின.

அடுத்தது வயது. உலகக் கணக்கில் மலேரியாவுக்குப் பலியாகிறவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அங்கே ஐந்து வயதைத் தாண்டிப் பிழைத்த பிள்ளை திரும்பத் திரும்பக் கடிபட்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தியைச் சேர்த்துக்கொள்கிறது. நம் குரங்கு மலேரியாவில் கதை தலைகீழ். குழந்தைகளுக்கு வந்தாலும் பெரும்பாலும் லேசாகவே போகும். 45-ஐத் தாண்டியவர்களிடம்தான் ஒட்டுண்ணி எண்ணிக்கை கூடுகிறது, சிறுநீரகமும் நுரையீரலும் அடிபடுகின்றன. தோப்புக்குப் போவது யார்? மீன் பிடிக்கக் காட்டு ஓடைக்குப் போவது யார்? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நம் அப்பாக்களும் மாமாக்களும்தான்.

சரி, இந்தத் ‘தோட்டத்து உடம்பு’ விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் வேலை செய்த நம் தாத்தா பாட்டி மலேரியாவோடு வாழ்ந்தவர்கள், அந்தச் சக்தி நம் ரத்தத்திலும் இருக்கும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். முதலில், அவர்கள் தாங்கவில்லை. கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கப்பலில் புதிதாக வந்து இறங்கியவர்கள், அந்தக் காய்ச்சலை அறியாத உடம்போடு, அரை வயிற்றுச் சாப்பாட்டோடு, நேரே காடு அழிக்க அனுப்பப்பட்டார்கள். குன்றுப் பகுதியில் காட்டை வெட்டி வெயில் படவைத்ததும் தெளிந்த ஓடைகளில் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற கொசு பெருகியது. எந்தக் கொசு எங்கே பெருகுகிறது என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும் என்று 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் வேலை செய்த டாக்டர் மால்கம் வாட்சன் காட்டினார். மலை ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் போட்டு மூடினார்கள், நீரில் எண்ணெய் தெளித்தார்கள், கொயினா மருந்து கொடுத்தார்கள். சாவு குறைந்தது அதனால்தான். உடம்பு பழகிப்போனதால் அல்ல.

இரண்டாவது, கடிபட்டுச் சேர்க்கும் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குச் சொத்தாகப் போகாது. தாயிடமிருந்து கிடைப்பதும் பிறந்த சில மாதங்களுக்குத்தான். பல ஆண்டுகள் கடி இல்லாமல் இருந்தால், சேர்த்தவருக்கே அது கரைந்துவிடும். வம்சத்தில் வருவது வேறு. தலசீமியா போன்ற சில ரத்த அணு மாற்றங்கள் கடுமையான ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பது உண்மை. ஆனால் அதை நம்பி யாரும் வீட்டில் படுத்துக்கிடக்க முடியாது. ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவது) உள்ளவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயின் மாத்திரை அவர்களுடைய சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

கர்ப்பிணிகளும் மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களும் எந்த மலேரியாவிலும் ஆபத்தான வரிசையில் இருப்பவர்கள். ஆப்பிரிக்கா மாதிரியான இடங்களுக்குப் போய் வந்தவர்களுக்கு ஃபால்சிபாரம் இருக்கலாம். அது மூளையின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு நினைவிழக்கச் செய்யும் வகை. ஊருக்குத் திரும்பிய சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் போன இடத்தைச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

இனி நான் வேலை பார்த்த மேசைக்கு வருகிறேன். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டைத் தடிப்பாகவும் ஒரு சொட்டை மெல்லியதாகவும் கண்ணாடியில் தேய்த்து, காயவைத்து, ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய்விட்டு 100 மடங்கு வில்லையில் பார்ப்போம். இல்லை என்று எழுதுவதற்கு முன் குறைந்தது 100 வட்டமாவது நகர்த்திப் பார்க்க வேண்டும். கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும். நோலேசி அங்கேயும் ஏமாற்றும். அணுவுக்குக் குறுக்கே பட்டை கட்டினாற்போல் கிடக்கும், அசல் மலேரியே வகை மாதிரியே. மலேரியே மெதுவான, சாதுவான வகை. சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனை செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது நோலேசி. அதுவரை வில்லையில் பார்த்தவர்கள் அதைப் பெரும்பாலும் மலேரியே என்றே எழுதியிருந்தார்கள். சாதுவான வகை என்று நினைத்துச் சாதாரண மாத்திரை கொடுத்த இடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. மலேசியாவில் இப்போது மலேரியே மாதிரி தெரிந்தாலே நோலேசி என்று எடுத்துக்கொண்டு பார்க்கிறார்கள். கடுமையானால் ரத்தக்குழாய் வழியாக ஆர்ட்டிசுனேட் மருந்தை ஏற்றுகிறார்கள். ஆசிய நாடுகளில் நடந்து 2005-இல் வெளிவந்த பெரிய சோதனையில், கடுமையான ஃபால்சிபாரம் மலேரியாவில் கொயினாவைவிட அது சாவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. அருமையான மருந்து. நேரத்தோடு போனால்தான் அதற்கும் வேலை.

டிங்கியிலும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும், குரங்கு மலேரியாவிலும் குறையும். காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி எல்லாம் ஒன்றேதான். விரைவுச் சோதனைக் குச்சியும் நோலேசியைச் சில நேரம் தவறவிடும். ஆகவே டிங்கி இல்லை, தட்டணு குறைவு, காட்டோரம் போனவர் என்ற மூன்றும் சேர்ந்தால் ரத்தப் படலம் பார்த்தே ஆக வேண்டும். நம் மருத்துவமனைகளில் அதை பி.எஃப்.எம்.பி. என்பார்கள். டாக்டருக்கு நூறு நோயாளி, அவர் கேட்க மறக்கலாம். நீங்களே சொல்லுங்கள்: “டுரியான் தோப்பில் இரவு தங்கினேன், குரங்கு நடமாட்டம் உண்டு, மலேரியாவுக்கும் ரத்தம் பாருங்கள்.” கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். முதல் நாள் இல்லை என்று வந்து காய்ச்சல் நிற்காவிட்டால் மறுநாளும் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இன்றைக்குச் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசிகள். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. கையில் பெர்மிட் இல்லாதவன் பிடித்துக்கொடுத்துவிடுவார்களோ என்று அஞ்சி மருத்துவமனைப் பக்கமே போகமாட்டான். நூறு வருடத்துக்கு முன் நம் ஆட்கள் லயத்தில் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தது போலத்தான் அவர்கள் இன்றைக்குக் கொங்சி வீட்டில் கிடக்கிறார்கள். தாமதம்தான் கொல்கிறது என்று தெரிந்த பிறகும், தாமதிக்க வேண்டிய கட்டாயத்தில் ஒருவனை வைத்திருப்பது அநியாயம். மண்டோர்களும் தவுக்கேக்களும் இதைப் படித்தால் என் கோரிக்கை இதுதான். காட்டு எல்லையில் வேலை செய்கிறவனுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே வண்டியில் ஏற்றி அனுப்புங்கள், செலவைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். அந்தி நேரத்தில் வெளியே இருப்பவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் வாங்கிக்கொடுங்கள். படுக்கக் கொசுவலை கொடுங்கள்.

டுரியான் பருவம் தொடங்கப்போகிறது. தோப்புக்குப் போகும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். வாட்சப் குழுக்களில் பகிர நினைப்பவர்கள் என்னைக் கேட்கவே வேண்டாம், தாராளமாகப் பகிரலாம்.