இலவசக் காவல்காரன்

மார்த்தாண்டத்தில் மழைக்குப் போன மின்சாரம் அப்போதுதான் வந்தது. ரப்பர் ஷீட் விற்ற கணக்கை எழுதலாம் என்று கணினியைத் திறந்தால், வலது மூலையில் சிவப்புப் பெட்டி: ‘உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது!’ என்ன ஆபத்து? நான் பணம் கட்டவில்லை, அதுதான். இலவச ஆன்டிவைரஸாம்! மூடினால் தள்ளுபடி. அதையும் மூடினால் ‘குப்பை சேர்ந்துவிட்டது, சுத்தம் செய்யவா?’ அப்புறம் இணைய முகவரியை மறைக்கும் விபிஎன் வேண்டுமா என்று கேள்வி. ‘வேண்டாம்’ என்ற சொல் மட்டும் எறும்புக்கால் அளவில், சாம்பல் நிறத்தில். கேட்காமலே ஒரு பிரவுசரையும் குடிவைத்துவிட்டது. நீக்கப் போனால், ‘ஏன் பிரிகிறீர்கள்?’ என்று ஒப்பாரி வேறு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதலே டிஃபெண்டர் என்ற முழு ஆன்டிவைரஸ் விண்டோஸுக்கு உள்ளேயே இருக்கிறது. இந்த இலவசக் காவல்காரர் வந்ததும் அது ஒதுங்கிக்கொண்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தானே? இதோ, மறுபடியும் சிவப்புப் பெட்டி. ரப்பர் கணக்கில் தேதியைக்கூட இன்னும் எழுதி முடிக்கவில்லை.