டிஷர்ட்டின் உள்பக்கம்

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் மொரீஷியஸில் யாரிடமும் சிக்கனம் பேசக் கூடாது. போனஸ் வந்திருக்கும். ஒரு மாதச் சம்பளம், சட்டப்படி. அதில் முக்கால் பங்கு கிறிஸ்துமஸுக்கு 5 வேலை நாள் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும், மீதி ஆண்டின் கடைசி வேலை நாளுக்குள். 2024-இல் 14-ஆம் மாதச் சம்பளம் என்று இன்னொன்றும் பலருக்குச் சேர்ந்தது. அந்த வாரம் ரோஸ்ஹில் கடைத்தெருவில் நடந்தால் ஊர் மொத்தமும் கையில் பையோடு எதிரே வரும்.

என் மகளுக்கு 17 வயது. தோழிகளோடு ஒரு கச்சேரிக்குப் போக டிக்கெட் வாங்கினாள், 1,200 ரூபாய். நான் எதுவும் சொல்லவில்லை. அப்புறம்தான் உண்மையான செலவு வந்தது. கவுன் 1,900, செருப்பு 1,100. "போன தடவை போட்டதே நல்லாத்தானே இருக்கு கண்ணு" என்றேன். "அதைப் போட்டு ஏற்கெனவே போட்டோ போட்டாச்சும்மா" என்றாள். பேச்சு முடிந்தது.

அன்று ராத்திரி கணக்கு நோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் யாரும் துணி வாங்க முடிவு செய்யவே இல்லை. கச்சேரிக்குப் போகத்தான் முடிவு செய்தார்கள். துணி தானாகப் பின்னால் வந்தது.

யோசித்துப் பார்த்தால் என் அலமாரியும் அப்படித்தான் நிரம்பியது. நான் திருப்பூர்க்காரி. பள்ளிக்கூட நாட்களில் எங்கள் தெருவில் நதியா கம்மல், நதியா வளையல் என்று விற்றார்கள். நதியா நடித்த படம் ஓடியது, கம்மல் விற்றது. கம்மலில் என்ன உலோகம் என்று யார் கேட்டார்கள்? பெரிய அளவில் இதையே பார்க்க வேண்டுமென்றால் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பரில் முடித்த சுற்றுப்பயணத்தைப் பாருங்கள். 149 நிகழ்ச்சிகள், டிக்கெட் விற்பனை மட்டும் 200 கோடி டாலருக்கு மேல். போனவர்கள் மினுமினுக்கிற உடைகளை அதற்கென்றே வாங்கினார்கள், தைத்துக்கொண்டார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அந்த மணிக் காப்பு. வீட்டில் உட்கார்ந்து மலிவு மணியைக் கோத்து, முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொண்டார்கள். அத்தனை கோடி புரண்ட இடத்தில் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனது அதைத்தான்.

நம் கோவிலிலும் இதே கதைதான். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. தைப்பூசக் காவடிக்கு இங்கே அந்த அடர் ரோஜா நிறம்தான். வீட்டில் அதே நிறத்தில் நான்கு சேலை மடித்திருக்கும், ஐந்தாவது வரும். ஏனென்றால் போன வருடத்து ரோஜாவும் இந்த வருடத்து ரோஜாவும் ஒன்றில்லையாம். முருகனுக்கு வித்தியாசம் தெரியுமோ என்னவோ, பக்கத்தில் நடக்கிற அக்காவுக்குத் தெரியும்.

காசு கொடுக்கும் விதமும் மாறிவிட்டது. இந்தத் தீவில் "ஜூஸ் பண்ணிட்டேன்" என்றால் குடித்தேன் என்று பொருள் இல்லை, ஜூஸ் என்ற வங்கிச் செயலியில் போனிலேயே பணம் அனுப்பியாயிற்று என்று பொருள். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். போனைத் தட்டும்போது அந்தத் தயக்கம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு முகநூல் லைவில் ஒரு பெண் சுடிதாரைத் தூக்கிக் காட்டி "கடைசி ரெண்டு பீஸ்" என்றால் பாதித் தூக்கத்திலேயே வாங்கிவிடலாம். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு, தமிழ் எண்ணும் உண்டு. 1998-இல் புது நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சிட்டார்கள் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அப்படிக் காப்பாற்றிய தமிழை நான் இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் அதிகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அதே டிசம்பரில் ஒரு பெரிய மாலில், பெயர் வேண்டாம், எத்திக்கல் ஃபேஷன், அதாவது மண்ணையும் மனிதரையும் கெடுக்காமல் செய்த துணி என்று தனியாக ஒரு மூலை வைத்திருந்தார்கள். மரப்பலகை, சணல் கயிறு, செடித் தொட்டி. ஒரு வெள்ளை டிஷர்ட் 2,200 ரூபாய். வியாழனோ ஞாயிறோ கத்ர்போர்ன் சந்தைக்குப் போனால் அந்தக் காசில் ஏழெட்டு வாங்கலாம். பழுப்பு அட்டையில் ஒரு இலைப் படம், பூமியை நேசிக்கச் சொல்லி இரண்டு வரி. நான் பனியன் கம்பெனி வீட்டுப் பெண். எந்தத் துணியைக் கண்டாலும் கை தானாகப் புரட்டிவிடும். புரட்டினேன். ஓரத்தை அடைக்கும் ஓவர்லாக் தையலில் நூல் பிசிறு, கழுத்துப் பட்டியில் தையல் ஏறி இறங்கி ஓடியிருந்தது. எங்கள் ஊர் செக்கிங் அக்கா ஒருவர் பார்த்திருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி மூலையில் வீசியிருப்பார். பருத்தி எப்படி விளைந்தது என்று அட்டையில் இருந்தது. தைத்தவர் யார், என்ன கூலி என்று ஒரு எழுத்து இல்லை.

என் அப்பா கட்டிங் மாஸ்டர். துணி ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் வருகிற நாள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு மட்டும் அப்பா துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் போவார். கம்பெனியில் கக்கூஸ் கழுவப்படும், முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கும். கட்டிங் கத்தியில் விரல் போகாமல் இருக்க ஒரு இரும்பு வலைக் கையுறை உண்டு. அது பீரோவிலிருந்து வெளியே வரும். எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். வெள்ளைக்காரர் பார்ப்பார், தலையாட்டுவார், டிக் அடிப்பார். மறுநாள் கையுறை பீரோவுக்குள் போய்விடும். பீஸ் ரேட்டில் ஓடுகிறவனுக்குக் கையுறை போட்டால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும். அதனால் அப்பாவும் அதைக் கேட்டதில்லை. அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் நுனி இல்லை.

எத்திக்கல் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பீரோதான் ஞாபகம் வரும். அதுவும் ஒரு காட்சிதான், கச்சேரி மாதிரி. பார்வையாளர் ஒருவர், டிக்கெட் காசு மட்டும் ஆர்டராக வரும்.

விளம்பரக்காரர்களும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். "நீ வாங்குகிற சட்டையால் ஆறு செத்துப்போகிறது" என்று திட்டினால் யாரும் பர்ஸைத் திறக்க மாட்டார்கள். திட்டு வாங்கக் காசு கொடுப்பவர் உண்டா? அதனால் நல்லவர் என்ற உணர்வைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம், ஆனால் எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. 2022-இல் நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் கேள்வி கேட்ட பிறகு எச் அண்ட் எம் நிறுவனமும் டெக்காத்லான் நிறுவனமும் அப்படிப்பட்ட பசுமைச் சொற்களைத் திருத்தவோ எடுக்கவோ ஒப்புக்கொண்டன. முதல் நிறுவனம் 5 லட்சம் யூரோவும் இரண்டாவது 4 லட்சம் யூரோவும் நன்கொடை தர வேண்டியிருந்தது. ஆதாரம் இல்லாமல் "சூழலுக்கு உகந்தது" என்று பொத்தாம் பொதுவாக எழுதக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் விதி கொண்டுவந்தது. 2026 செப்டம்பர் 27 முதல் அது நடைமுறை. இங்கே தைக்கும் துணியில் நிறைய அங்கேதான் போகிறது. அட்டையில் இலை போடுகிறவர்கள் இனிமேல் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஆனால் இலை ஒரு பாதிதான். இன்னொரு பாதி என் மாமியார்.

1970-இல் இந்த நாடு ஏற்றுமதி வலயச் சட்டம் போட்டது. கரும்புக் காட்டை மட்டும் நம்பியிருந்த தீவில் தையல் ஆலைகள் வந்தன, ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கினார்கள். அத்தை அவர்களில் ஒருவர். ஸ்வெட்டர் பின்னும் ஆலை. முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். அரிசியோ நகையோ என்று எதிர்பார்த்தேன். தங்கையைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனாராம். அதற்கு முன்னால் அதற்கென்றே ஒரு நீலச் சேலை. "யாருக்கும் சொல்லலை" என்று சிரித்தார். என் மகளைத் திட்டும் தகுதி இந்த வீட்டில் யாருக்கும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

எந்த நாடு எவ்வளவு துணி ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்திருந்த கோட்டா முறை 2005 ஜனவரி 1-இல் முடிந்தது. பல ஆலைகள் மூடின, அத்தையின் ஆலையும் மூடியது. மிச்சம் இருக்கும் ஆலைகளில் இப்போது தைப்பவர்களில் பலர் வங்கதேசம், மடகாஸ்கர், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 2023-இல் டிரான்ஸ்பேரன்டெம் என்ற அமைப்பு இந்த ஆலைகளைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. வேலைக்கு வருவதற்கே தரகருக்குப் பெரும் தொகை கட்டிவிட்டு வந்தவர்கள் பலர் என்பதே அதில் முக்கியம். சில பிராண்டுகள் அந்தப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தன. அறிக்கை வந்தால்தான் இது வெளியே தெரிகிறது. பருத்திக்குச் சான்றிதழ் தேடிக் காட்டுகிற அட்டை, தைப்பவரின் கடனைப் பற்றிப் பேசுவதில்லை.

இங்கே சிலர் எனக்கு "நீங்கள் மலிவாக வாங்குவதை நிறுத்துங்கள், எல்லாம் சரியாகும்" என்று எழுதுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கள் ஊரில் நொய்யல் எந்த நிறத்தில் ஓடுகிறதோ அதுதான் இந்த சீசனின் கலர் என்று கேலி பேசுவோம். அந்த ஆற்றுக்காக லண்டனில் யாராவது பனியன் வாங்காமல் இருந்தார்களா? நொய்யல் பாசன விவசாயிகள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது, எத்தனையோ பேருக்கு வேலை போனது, எங்கள் வீட்டிலும் அடுப்பு சிறுத்தது. ஆனால் கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் வேலையில் பட்டறைகள் உண்மையாக இறங்கியது அதற்கப்புறம்தான். சட்டையில் தொங்கும் அட்டையால் அது நடந்திருக்காது.

விலை பற்றி ஒன்று. 1921-இல் காந்தி மதுரைக்கு ரயிலில் வரும்போது, கூட இருந்தவர்களிடம் ஏன் கதர் போடவில்லை என்று கேட்டார். நாங்கள் ஏழைகள், கதர் விலை அதிகம் என்றார்கள். செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் தன் உடையை இடுப்புத் துண்டாகக் குறைத்துக்கொண்டார். கதர் வாங்க முடியாதவனைக் குற்றவாளியாக்காமல் தன் துணியை வெட்டிக்கொண்டார், அதுதான் எனக்குப் படுகிறது. 2,200 ரூபாய் டிஷர்ட்காரர்கள் வெட்டிக்கொண்டது எதை?

எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. கோ-ஆப்டெக்ஸ் சேலையோடு நெய்தவரின் படம் போட்ட ஒரு அட்டை வந்தது. அம்மா எனக்கு அனுப்பிய சேலையில் அப்படி ஒன்று இருந்தது. அதை நான் தூக்கிப் போடவில்லை. அந்தச் சேலையைப் பத்து முறைக்கு மேல் கட்டிவிட்டேன், ஒவ்வொரு முறையும் யாரிடமாவது அந்த அட்டையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இதுவும் விளம்பரம்தான், என்னிடம் பலித்த விளம்பரம். சேலை நன்றாக இருந்தது, விலை என் கைக்குள் இருந்தது, கூடவே சொல்ல ஒரு கதையும் இருந்தது. அந்த வரிசையில்தான். கதை முதலில் வரவில்லை.

எங்கள் தெரு முனையில் வங்கதேசத்துப் பையன்கள் தங்கும் விடுதி இருக்கிறது. அதில் ஒருவன் எங்கள் பக்கத்துக் கடைக்கு முட்டை வாங்க வருவான், எனக்குத் தெரிந்த கிரியோல் மொழியும் அவனுக்குத் தெரிந்த கிரியோலும் சேர்ந்தால் ஒரு பேச்சு தேறும். நிலத்தை அடகு வைத்துத் தரகருக்குக் கட்டிவிட்டு வந்தவன். மாலில் எடுத்த டிஷர்ட் படத்தைப் போனில் அவனிடம் காட்டினேன். விலை எவ்வளவு என்று கேட்பான், நான் சொல்வேன், அவன் முகம் மாறும், நானும் அதைப் பற்றி இங்கே எழுதலாம் என்று மனதுக்குள் கணக்கு வைத்திருந்தேன். அவன் விலையைக் கேட்கவே இல்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கழுத்துத் தையலைப் பார்த்து, "புதுசா சேர்ந்த ஆள் தைச்சது மேடம்" என்றான்.

அப்புறம் அவன் போனை என்னிடம் நீட்டினான். போனஸில் வாங்கிய சட்டையாம், ஊதாவில் தங்க நிறப் பூப் போட்டது, சந்தைச் சரக்கு. ஊரில் அம்மாவுக்கு அனுப்ப ஒரு போட்டோ வேண்டும். நின்று எடுத்தேன். பார்த்துவிட்டு இன்னொன்று எடுக்கச் சொன்னான். விடுதி மாடியில் கொடியில் காய்கிற துணி பின்னால் தெரிகிறதாம். இரண்டு அடி தள்ளி, செம்பருத்திச் செடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.