தாலி ஏறிவிட்டால் காதல் வந்துவிடுமா?

நம் சீரியல்களில் காதல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கல்யாணத்தில்தான். அதுவும் அந்தப் பெண் கேட்காத கல்யாணம். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை ஓடிப்போவான், பந்தலில் நின்ற வேறொருவனை மணையில் உட்கார வைப்பார்கள். இல்லையென்றால் ஊரார் ஏதோ பழி சொல்ல, அங்கேயே மஞ்சள் கயிறு ஏறும். அதுவும் இல்லையென்றால் யார் மேலோ உள்ள ஆத்திரத்தில் ஹீரோவே திடீரென்று கட்டிவிடுவான். அவள் அழுவாள். எபிசோடு முடிந்துவிடும். அடுத்த வாரத்திலிருந்து அது காதல் கதை.

கல்யாணத்துக்கு அப்புறம் வரும் காதலை நான் குறை சொல்லவில்லை. முகம்கூடச் சரியாகப் பார்க்காமல் கட்டிக்கொண்டு, பிறகு ஒருவரை விட்டு ஒருவர் சாப்பிட உட்காராத தாத்தா பாட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது உண்மையான அன்பு. என் கோபமெல்லாம் கட்டாயத் தாலி மேல்தான். கட்டியவன் மன்னிப்புக் கேட்காமலே, அவள் மனசு தானாக இளகிவிடுவதாகக் காட்டுகிறார்களே, அதன் மேல்.

இளகுவது எப்படி? எல்லோருக்கும் மனப்பாடமான காட்சிதான். கையில் காபி டம்ளரோடு வருவாள். புடவைக் கொசுவம் காலில் சிக்கும். அவன் இடுப்பைப் பிடித்துத் தாங்குவான். கேமரா இருவரையும் சுற்றிச் சுற்றி வரும், பின்னணியில் ஒரு பழைய சினிமாப் பாட்டு. யாராவது கதவைத் திறந்ததும் இருவரும் விலகி வெட்கப்படுவார்கள். போன வாரம் அவன் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பேச வேண்டிய இடத்தில் இடுப்பைப் பிடிக்க வைத்துவிடுகிறார்கள்.

விஜய் டிவியில் 2017ல் தொடங்கிய ‘ராஜா ராணி’யை எங்கள் வீட்டில் விடாமல் பார்த்தோம். செம்பா வீட்டு வேலை செய்யும் பெண், கார்த்திக் அந்த வீட்டுப் பிள்ளை. நெருக்கடியில் நடந்த கல்யாணத்தை மறைத்துவிட்டு அதே வீட்டில் வேலைக்காரியாகவே இருப்பாள். கட்டியவனை ‘சின்னய்யா’ என்றுதான் கூப்பிடுவாள். சஞ்சீவும் ஆல்யா மானசாவும் அவ்வளவு பொருத்தமாக நடித்தார்கள், பிறகு நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆனால் சம்பளம் வாங்கும் வீட்டில் ஒரு பெண்ணால் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? கதைக்கு நடுநாயகமாக இருந்திருக்க வேண்டிய கேள்வி அது. மனசில் தங்கியதென்னவோ பார்வையும் பாட்டும்தான்.

‘கதைதானே, விடுங்கள்’ என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சீரியலில் இப்படிக் கட்டாயத் தாலி ஏறிய அன்று, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் சித்தி சொன்னார்: “தாலி ஏறிடுச்சில்ல, இனி அவ எங்க போவா? போகப் போகச் சரியாயிடும்.” அதைக் கேட்டுக்கொண்டே ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள் அவருடைய பேத்தி. எட்டாவது படிக்கிறாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

எழுதுகிறவர்களின் கஷ்டமும் புரிகிறது. வாரம் ஆறு நாள் என்றால் வருஷத்துக்கு 300 எபிசோடு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாராவாரம் வரும் டிஆர்பி கணக்கு கத்தி மாதிரி தலைக்கு மேல் தொங்கும். ஜோடி சேர்ந்துவிட்டால் கதை முடிந்துபோகும் என்ற பயம் வேறு. அதனால் சந்தேகம், பொய்க் கடிதம், பழைய காதலி, ஞாபக மறதி என்று பிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். இதில் பாதி, இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். அதனாலேயே அவர்களைப் பேச விடுவதில்லை.

அந்தப் பயம் தேவையில்லை என்பதற்கு விஜய் டிவியின் ‘சிறகடிக்க ஆசை’ சீரியலே சாட்சி. 2023 ஜனவரியில் ஆரம்பித்தது. அதுவும் அண்ணன் ஓடிப்போய்த் தம்பி தாலி கட்டும் கதைதான், அந்த வகையில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பிறகு வந்தது வேறு மாதிரி. முத்து கார் ஓட்டுபவன், மீனா பூக்கட்டி விற்பவள். சண்டை போடுவார்கள், முகத்துக்கு நேராகவே போடுவார்கள். கூட்டுக் குடும்பத்தில் தங்களுக்கென்று ஒரு ரூம் இல்லையே என்ற தவிப்பே அங்கே பெரிய காதல் கதை ஆகிவிடுகிறது. அவள் பூ வியாபாரத்துக்கு அவன் வண்டி வாங்கிக் கொடுத்தபோது யாரும் தடுக்கி விழவில்லை, யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. அவள் உழைப்பை அவன் கவனித்திருக்கிறான் என்பது தெரிந்தது, அவ்வளவுதான். அந்த ஜோடி சேர்ந்தபிறகும் ஜனங்கள் ஒன்பது மணிக்கு டிவி முன்னால் உட்காரத்தானே செய்தார்கள்?

எனவே வசனம் எழுதுகிறவர்களிடம் ஒரே ஒரு காட்சி கேட்கிறேன். கட்டாயத் தாலி கட்டியவன் எதிரில் அந்தப் பெண் உட்கார்ந்து, ‘என்னை ஏன் கேட்கவில்லை?’ என்று கேட்கட்டும். அவன் பதில் சொல்லட்டும். பதிலைக் கேட்டுவிட்டு இருக்கலாமா, போகலாமா என்று அவள் முடிவெடுக்கட்டும். மாமியார் மருமகள் சண்டையை ஒரு வாரத்துக்கு இழுக்கத் தெரிந்தவர்களுக்கு, புருஷனும் பெண்டாட்டியும் மனசு விட்டுப் பேசும் இருபது நிமிஷம் எழுத வராதா என்ன?