ஹெர்மிஸைப் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

காரைக்குடி வாட்சப் குழுக்களில் இப்போது ‘பிரபஞ்ச ரகசியம்’, ‘ஏழு விதிகள்’ என்று பயிற்சி வகுப்பு விளம்பரம் வராத வாரமே இல்லை. எகிப்திய ஞானி ஹெர்மிஸ் அருளியதாம், பல ஆயிரம் வருடம் மறைத்து வைத்திருந்ததாம். கட்டணத்தை மட்டும் யாரும் மறைக்கவில்லை. தேவகோட்டைத் தம்பி ஒருவர் “சேரலாமாண்ணே?” என்று கேட்டிருந்தார். சேர வேண்டாம், முதலில் படியுங்கள் என்பதுதான் என் பதில்.

அந்த ஏழு விதிகள் ‘கிபாலியன்’ என்ற புத்தகத்தில் இருப்பவை. அது 1908இல் சிகாகோவில் வெளிவந்தது. ஆசிரியர் பெயருக்குப் பதில் ‘தீட்சை பெற்ற மூவர்’ என்று போட்டிருக்கும். வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்ற அமெரிக்கர் எழுதியது என்றே பெரும்பாலும் கருதுகிறார்கள். ‘யோகி ராமசரகா’ என்ற பெயரில் யோகப் புத்தகங்கள் எழுதியவரும் அவர்தான்! முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கிப் பழகியவர்களுக்குப் பழையது எது, பழசாக்கியது எது என்று தொட்டதுமே தெரிந்துவிடும். இதையும் அந்தக் கையோடு தொட்டுப் பாருங்கள். படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, இரண்டாவதாகப் படிக்கலாம்.

முதலில் படிக்க வேண்டியது ‘கார்ப்பஸ் ஹெர்மெட்டிக்கம்’. கிறிஸ்து பிறந்து முதல் சில நூற்றாண்டுகளில் எகிப்தில் ஹெர்மிஸ் பேரில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட சிறு நூல்களின் தொகுப்பு. பெரும்பாலும் குரு சீடன் உரையாடல்கள். 1463இல் ஃபிளாரன்ஸில் மார்சிலியோ ஃபிசினோ லத்தீனில் மொழிபெயர்த்தார். மோசே காலத்து ஞானம் என்று ஐரோப்பாவே நம்பியது. 1614இல் ஐசக் கசாபன் என்ற கிரேக்க மொழி அறிஞர், அதன் கிரேக்க நடையை வைத்தே அது கிறிஸ்துவுக்குப் பிந்தையது என்று காட்டிவிட்டார். வயது குறைந்ததால் சரக்கு குறைந்துவிடவில்லை என்பது என் கட்சி.

முதல் நூலான ‘பொய்மாண்ட்ரிஸ்’ ஒன்று போதும் ருசி பிடிக்க. உண்ட களைப்பில் உறங்குகிறவன்போலப் புலன்கள் அடங்கிக் கிடக்கும் ஒருவன் முன்னால், அளவிட முடியாத பெரிய உரு ஒன்று வந்து, உனக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்கிறது. அப்புறம் எங்கும் ஒளி, அதற்குக் கீழே பாம்பாய்ச் சுருண்டு இறங்கும் இருள். ஆதி மனிதன் தண்ணீரில் தன் சாயலைப் பார்த்து மயங்கி, இயற்கைக்குள் இறங்கிவிடுகிறான். இறந்தபின் திரும்ப மேலே ஏறும்போது ஏழு கோள் மண்டலங்களில் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும்: சூழ்ச்சி, காமம், அதிகார ஆணவம் என்று. ஆறாவதில் விட வேண்டியது பணத்தாசை. (வட்டிக் கணக்கிலேயே வளர்ந்த நம் ஊருக்கு அந்தப் படி கொஞ்சம் சிரமம்தான்.) பணத்தை ஈர்க்கும் விதி என்று இதே ஹெர்மிஸ் பேரில் வகுப்பெடுப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள் போல.

சோதிடம், ரசவாதம், மந்திரத் தகடு பற்றியும் ஹெர்மிஸ் பெயரில் நூல்கள் உண்டு. ஆரம்பத்திலேயே அதில் இறங்காதீர்கள்.

சரி, நம் சித்தர்கள் சொல்லாததா? ‘அண்டத்தில் உள்ளதே பிண்டம்’ என்பதையும், மேலுள்ளது கீழுள்ளது போல என்று ஹெர்மிஸ் பேரில் வழங்கும் ‘மரகதப் பலகை’ என்ற சிறு நூலின் வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கும் பிடிக்கும். அதற்காக இங்கிருந்துதான் அங்கே போனது என்று கிளம்பிவிடக் கூடாது. அந்தப் பலகை வாசகம் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வடிவமே அரபியில்தான் இருக்கிறது. ஒப்பிடுவது வேறு, உரிமை கொண்டாடுவது வேறு.

ஆங்கிலம் வாசிப்பவர்கள் 1992இல் வந்த பிரையன் கோப்பன்ஹேவர் மொழிபெயர்ப்பை எடுங்கள். மூலத்தைவிடக் குறிப்புகள்தான் நீளம், முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.