தேய்மானம், ஜவ்வு, சுளுக்கு

மூட்டு வலிக்கோ முதுகு வலிக்கோ மருத்துவரைப் பார்த்துவிட்டு வருபவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "எலும்புத் தேய்மானமாம்" என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. கையிலிருக்கும் அறிக்கையை வாங்கிப் படித்தால் அதில் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்று இருக்கலாம், ஸ்பாண்டிலோசிஸ் (முதுகெலும்பின் மூட்டுகளில் ஏற்படும் சிதைவு) என்று இருக்கலாம், ஆஸ்டியோபொரோசிஸ் என்றும் இருக்கலாம். மூன்றையும் ஒரே பெயரில் அடக்கிவிடுவதை எளிமை என்று சிலர் பாராட்டுகிறார்கள். தன் உடம்பில் எது பழுதாகியிருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியாமல் செய்வதை எளிமை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸில் முதன்மையாகச் சிதைவது எலும்பு முனைகளை வழவழப்பாக மூடியிருக்கும் குருத்தெலும்பு. அது மெலிய மெலிய எக்ஸ்ரேயில் மூட்டின் இடைவெளி குறுகித் தெரியும். ஓரங்களில் புதிதாக எலும்பு முளைக்கவும் செய்யும். தேய்மானம் என்று நாம் சொல்லும் இடத்தில் எலும்பு வளர்ந்திருப்பதும் உண்டு! ஆஸ்டியோபொரோசிஸுக்கும் மூட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. வலி ஏதும் இல்லாமல் எலும்பின் அடர்த்தி உள்ளுக்குள் குறைந்துகொண்டே வரும். இலேசாகத் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும் நாளில்தான் பலருக்கு அப்படி ஒரு நோய் இருந்ததே தெரியவரும். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவுகோலின்படி, அடர்த்திப் பரிசோதனையில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுத் தரும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது ஆஸ்டியோபொரோசிஸ். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால், முழங்கால் குருத்தெலும்பு சிதைந்தவர் கால்சியம் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார். கால்சியம் குருத்தெலும்பை மீண்டும் வளர்ப்பதில்லை. அவருக்குப் பயன் தரக்கூடியவை தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும், உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும்.

இந்தக் குழப்பத்தில் மிகவும் இழப்பவர் முடக்குவாதம் வந்தவர். அது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய். காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரமானாலும் விரல்கள் மடங்க மறுக்கின்றன, இரு கைகளிலும் ஒரே மாதிரி வீக்கம் இருக்கிறது என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொடக்க மாதங்களிலேயே உரிய மருந்தைத் தொடங்கினால் மூட்டுகள் கோணிப்போவதைப் பெருமளவு தடுக்க முடியும். அந்த மாதங்களைத்தான் "தேய்மானம், வயதானால் வரத்தான் செய்யும்" என்ற ஆறுதல் வார்த்தை விழுங்கிவிடுகிறது.

அடுத்தது ஜவ்வு. முழங்காலில் ஜவ்வு கிழிந்தது என்றால், தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் லிகமெண்டாக இருக்கலாம்; அவற்றுக்கிடையே மெத்தை போலிருக்கும் மெனிஸ்கஸாகவும் இருக்கலாம். தோளில் ஜவ்வு கிழிந்தது என்றால் அது பெரும்பாலும் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், குறிப்பாகக் கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசையினுடையது. முதுகில் ஜவ்வு என்றால் முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தை போலிருக்கும் டிஸ்க். நான்கும் வெவ்வேறு அமைப்புகள், அவை குணமாகும் விதமும் வெவ்வேறு. மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்கு இரத்த ஓட்டம் உண்டு, அங்கே ஏற்படும் கிழிசல் ஆற வாய்ப்பு உண்டு. உள் ஓரத்துக்கு அது இல்லை. முழங்காலின் உட்பக்க லிகமெண்ட் அறுந்தால் பெரும்பாலும் அறுவை இல்லாமலே கூடிவிடும், மூட்டின் நடுவே குறுக்காகச் செல்லும் முன் சிலுவை லிகமெண்ட் முழுதாக அறுந்தால் அப்படித் தானாகக் கூடுவது அரிது. எனவே "ஜவ்வு கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை தேவையா?" என்ற கேள்விக்கு, எந்த ஜவ்வு என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

டிஸ்க் "விலகியிருக்கிறது" என்பதும் இப்படிப்பட்டதே. டிஸ்க் இடம்விட்டு நழுவுவதில்லை. புடைக்கிறது, அல்லது உள்ளிருக்கும் கூழ் போன்ற பகுதி வெளியே பிதுங்குகிறது. விலகியது என்று கேட்டவர் அதை யாராவது தட்டி உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று நம்பிப் போய் முதுகைக் கொடுக்கிறார். உண்மையிலேயே நழுவுவது ஸ்பாண்டிலோலிஸ்தீஸிஸ் என்ற நிலையில், அதுவும் முள்ளெலும்புதான்; ஒன்றின் மேல் இருப்பது முன்னே சரிகிறது. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதத்தினரிடமும் 80 வயதினரில் 96 சதவீதத்தினரிடமும் டிஸ்க் சிதைவு காணப்பட்டது. அறிக்கையில் அந்தச் சொல் இருப்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது.

உடற்கூறு வல்லுநர்களுக்கு ஒரு காலத்தில் இதற்கு நேரெதிரான சிக்கல் இருந்தது. ஒரே உறுப்புக்கு ஆளுக்கொரு பெயராக ஏறத்தாழ 50,000 பெயர்கள் புழங்கிய நிலையில், 1895-இல் பாசல் நகரில் கூடி அவற்றைச் சுமார் 5,000 ஆகக் குறைத்தார்கள். நாமோ பல உறுப்புகளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

துல்லியமான பெயர் நோயாளியை மிரட்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆஸ்டியோ என்றால் எலும்பு, ஆர்த்ரோ என்றால் மூட்டு, மயோ என்றால் தசை, காண்ட்ரோ என்றால் குருத்தெலும்பு. இந்த நான்கும் தெரிந்தாலே அறிக்கையின் பாதிப் பயம் போய்விடும். தமிழிலும் குருத்தெலும்பு, தசைநாண், முள்ளெலும்பு என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. லிகமெண்டுக்கு மட்டும் இன்னும் ஒரு சொல் நிலைக்கவில்லை. சிலர் அதைத் தசைநார் என்கிறார்கள், சிலரோ அதே சொல்லைத் தசைநாணுக்கு வைக்கிறார்கள். அது தீரும்வரை லிகமெண்ட் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், குற்றமில்லை.

சுளுக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. கையை ஊன்றி விழுந்தபின், கட்டைவிரலை விரித்து நீட்டும்போது அதன் அடியில், மணிக்கட்டின் பக்கமாகத் தெரியும் குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், அதைச் சுளுக்கு என்று நீவிவிடக் கூடாது. அங்கே ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பு இருக்கிறது. அதன் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போவதுண்டு. இரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால், கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடவும், ஒரு பகுதி செத்துப்போகவும் கூடும். அதனால்தான் முதல் படத்தில் ஒன்றுமில்லை என்றாலும் மணிக்கட்டை அசையாமல் கட்டி வைத்து, 10 முதல் 14 நாட்களில் மறுபடியும் படம் எடுக்கச் சொல்கிறார்கள்.