47 சதவீதம் மிச்சமாம். யாருக்கு?

முதலாளி மூலம் சைக்கிள் எடுத்து, விலையை வரிக்கு முந்திய சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கும் சைக்கிள் டு வேர்க் திட்டம் பற்றி வியாழக்கிழமை நடந்த அலுவலகக் கூட்டத்தில் நான் கேட்ட கேள்வியும், அதற்குப் பிறகு நம் தம்பி ஒருவர் போட்ட பதிவும் உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து எனக்கே பலர் அதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள், நன்றி. "சும்மா கொடுத்தாலும் எங்கள் ஆட்கள் மாட்டின் பல்லைப் பிடித்துத்தான் பார்ப்பார்கள்" என்று எழுதியிருக்கிறார். கீழே சிரிப்புக் குறிகள் வரிசையாக நிற்கின்றன.

தம்பி, இது தானமாக வந்த மாடு இல்லை. என் சம்பளத்தில் வாங்குகிற மாடு. அதன் பல்லை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

சைக்கிள் டு வேர்க் திட்டத்தை விற்க வந்தவர் திரையில் பெரிய எழுத்தில் காட்டியது "47 சதவீதம் வரை மிச்சம்". அந்த "வரை" மட்டும் பொடி எழுத்தில் இருந்தது. 47 எங்கிருந்து வருகிறது? 45 சதவீத வருமான வரி, 2 சதவீத தேசியக் காப்புறுதி, அதாவது அரசு சம்பளத்தில் பிடிக்கும் பங்களிப்பு. இங்கிலாந்தில் 45 சதவீத வரி கட்ட வேண்டுமானால் வருடத்துக்கு 1,25,140 பவுணுக்கு மேல் உழைக்க வேண்டும். அந்த அறையில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் அப்படி யார் இருந்தார் என்றுதான் கேட்டேன். அதைத்தான் "சண்டை போட்டார்" என்று எழுதுகிறீர்கள்.

நம்மில் பெரும்பாலானவர்கள் 20 சதவீத வரிக்காரர்கள். காப்புறுதி 8 சதவீதம். ஆக 28. அதுவும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. 1,200 பவுண் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 100 பவுணை வரிக்கு முந்திய சம்பளத்தில் விட்டுக்கொடுக்கிறீர்கள். கையில் குறைவது 72. பன்னிரண்டு மாதத்தில் 864. "பார்த்தாயா, மிச்சம்!" என்று குதிக்காதீர்கள். சைக்கிள் இன்னும் உங்களுடையது இல்லை. இவ்வளவு நாளும் நீங்கள் கட்டியது வாடகை. சொந்தமாக்க வேண்டுமென்றால் சந்தை விலை கொடுக்க வேண்டும். வரித் திணைக்களத்தின் அட்டவணைப்படி 500 பவுணும் அதற்கு மேலும் போன சைக்கிளுக்கு ஒரு வருட முடிவில் அது 25 சதவீதம், அதாவது 300 பவுண். கூட்டினால் 1,164. ஒரு வருடம் காத்திருந்ததற்குக் கூலி 36 பவுண்.

அதனால்தான் பலர் இரண்டாவது வழியில் போகிறார்கள். 7 சதவீதம், 84 பவுணை வைப்புப் பணமாகக் கட்டிவிட்டு இன்னும் மூன்று வருடம் "வாடகைக்கு" ஓட்டுவது; முடிவில் அந்த வைப்புப் பணமே விலையாகக் கழிந்து சைக்கிள் உங்களுடையதாகும். அப்போது மொத்தம் 948. மிச்சம் 252 பவுண், 21 சதவீதம். திரையில் காட்டிய 47இல் பாதிகூட இல்லை.

இப்போது அதே சைக்கிளை ஜனவரிக் கழிவு விற்பனையில் 20 சதவீதம் தள்ளிக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். கைக்காசுக்கு 960. வித்தியாசம் 12 பவுண்! கழிவு விலைக்கும் இந்தத் திட்டத்தைப் பாவிக்கலாமே என்பீர்கள். கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். திட்டத்தை நடத்தும் இடைத்தரகு நிறுவனத்துக்கு அவர் தரகு கொடுக்க வேண்டும். அதனால் பல கடைகளில் கழிவு போட்ட சைக்கிளை இதில் தரமாட்டார்கள், தந்தால் மேலதிகமாக வாங்குவார்கள். மறுபக்கம், நான் விட்டுக்கொடுக்கும் 1,200க்கு முதலாளி கட்ட வேண்டிய 15 சதவீதக் காப்புறுதி, 180 பவுண், அவருக்கு மிச்சம். அதை அந்தக் கூட்டத்தில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

"வட்டியில்லாமல் தவணையில் வருகிறதே?" சரி, வருகிறது. "40 சதவீத வரிக்காரருக்கு லாபம்தானே?" லாபம்தான். அதே சைக்கிள் அவருக்கு 780 பவுணில் முடியும். சம்பளம் கூடியவருக்கு விலை குறைவு, சம்பளம் குறைந்தவருக்கு விலை கூட. இதைச் சொன்னால் எனக்கு வயிற்றெரிச்சல்!

என் மனைவி அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸில் தாதி. அவருடைய ஓய்வூதியம் ஒவ்வொரு வருடச் சம்பளத்திலும் 54இல் ஒரு பங்காகச் சேர்கிறது. விட்டுக்கொடுத்த சம்பளம் அந்தக் கணக்கில் வராது. 1,200ஐ விட்டால் ஓய்வுபெற்ற பிறகு வருடா வருடம் 22 பவுணும் சில்லறையும் ஆயுள் முழுக்கக் குறையும். அவர் கட்டும் சந்தாவும் குறைகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா இல்லையா? பிள்ளைப்பேற்று விடுப்புக்குப் போகும் பெண்ணுக்கும் இதே கதைதான். எந்த வாரங்களின் சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்களோ, அந்த வாரங்களில் இந்தப் பிடித்தம் இருந்தால் முதல் ஆறு வார மகப்பேற்றுப் பணம் குறையும்.

என் மைத்துனருக்கு நடந்ததை இதுவரை எழுதியதில்லை. சைக்கிள் வாங்கி ஆறாவது மாதம் ஆட்குறைப்பில் அவருடைய பெயர் வந்தது. கடைசிச் சம்பளச் சீட்டை எங்கள் சமையலறை மேசையில் விரித்துக் காட்டினார். வரி, காப்புறுதி எல்லாம் கழித்த பிறகு அடியில் தனியாக ஒரு வரி: சைக்கிள், மீதிப் பாக்கி. ஆறு மாதத் தொகையும் ஒரே பிடி. வரி கழிந்த பணத்தில் எடுத்ததால் அதில் சலுகை ஒரு சதம் கிடையாது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர்தானே பார்த்திருக்க வேண்டும் என்று யாராவது இங்கே வந்து சொல்வீர்கள். வேலை போன மனிதரிடம் அதை நேரில் சொல்லிப் பாருங்கள்.

இன்னொருவர் என்னைச் "சைக்கிளுக்கு எதிரி, காருக்கு அடிமை" என்கிறார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். நோயாளியும் சைக்கிளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார், விறகும் மா மூட்டையும் சைக்கிளில்தான் வந்தன. சைக்கிளின் அருமையை எனக்கு நீங்கள் படிப்பிக்க வேண்டாம்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் அக்கா ஒருவர் கூட்டம் முடிந்து தட்டுகளை எடுக்கும்போது "எனக்கும் இதில் வாங்கலாமா தம்பி?" என்று கேட்டார். முடியாது. அவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம். இப்படிச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து அதற்குக் கீழே போவது சட்டப்படி கூடாது. நல்ல சட்டம்தான், அவரைக் காப்பாற்றும் சட்டம். ஆனால் விடிய ஐந்து மணிக்கு முதல் பஸ்ஸுக்கு நிற்பவர் அவர். சைக்கிள் யாருக்குத் தேவையோ அவருக்குச் சலுகை இல்லை. சனிக்கிழமை உலாவுக்கு மூவாயிரம் பவுணில் கார்பன் சைக்கிள் வாங்குகிற 40 சதவீத வரிக்கார மேலாளருக்கு 35 சதவீதம் மிச்சம்! அரசுக்கு உண்மையில் மனமிருந்தால் சைக்கிள் மீதான 20 சதவீத வற் வரியை (பெறுமதி சேர் வரியை) எடுத்துவிடலாமே. அக்காவுக்கும் மேலாளருக்கும் ஒரே விலையாக இருக்கும், இடையில் தரகரும் இருக்கமாட்டார்.

தம்பியின் பதிவுக்குச் சிரித்தவர்கள் இங்கேயும் வந்து "நான் 47 சதவீதம் மிச்சம் பிடித்தேன்" என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். கூடவே உங்கள் சம்பளச் சீட்டையும் போடுங்கள்.